ராத்தலுக்கு இருபத்தொன்று

மண்டபத்தில் எங்கள் கம்பெனிக்குள்
கிலோ கிடையாது, ராத்தல்தான்.
ராத்தலுக்கு இருபத்தொன்று முதல் இருபத்தைந்து உருப்படி
நின்றால் நீலக் கூடை.
அதைவிடச் சிறுத்தால் மஞ்சள்.
கண்ணை மூடிக்கொண்டும் பிரிப்பேன்.
பார்த்தேயிராத ஊரின் தட்டில்
எந்த இறால் போய்ப் படுக்கும் என்று
விரலுக்குத் தெரியும்.

போன மாசியில் ஒருத்தி வந்தாள், ஹாலி.
வாங்குகிற கம்பெனி அனுப்பிய ஆள்.
ஆறடி. எங்கள் பூட்ஸ் எதுவும்
அவள் காலுக்குச் சேரவில்லை.
இரண்டு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு
குளோரின் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்தாள்.
அவள் நோட்டில் எழுத எழுத
எங்களுக்கு வயிறு கலங்கியது.
மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தபோது
கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
செலினாவின் நண்டுக் குழம்பில் கை வைத்து
கண்ணும் மூக்கும் ஒழுக
இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினாள்.

அவளுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறதாம்.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் காசு சேர்க்கிறாளாம்.
சூப்பர்வைசர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.
அமெரிக்காவில் பல்லுக்கா காசில்லை?
அவள் வாயைத் திறந்து காட்டினாள்.
கறுத்துத்தான் இருந்தது.

கிளம்பும்போது கேட்டாள்:
எங்களைப் பற்றி இங்கே என்ன நினைக்கிறீர்கள்?
எல்லோரும் சிரித்தோம்.
நான்தான் சொன்னேன்,
"நீங்க நல்லவுக. ஒங்க கவர்மெண்டுதான்…"
மீதியைக் கையால் காட்டினேன்,
மேலேயிருந்து குண்டு விழுகிற மாதிரி.
அவள் தலையாட்டினாள்,
இதே பதிலைப் பல ஊர்களில்
வாங்கிப் பையில் போட்டவள்போல.

ஆடியில் வரி வந்தது.
கண்டெய்னர் தூத்துக்குடியிலேயே நின்றது.
நீலக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன.
முப்பது பேரில் பதினொரு பேர் போதும் என்றார்கள்.
நானும் செலினாவும் அந்தப் பதினொன்றில்.

"பாவம், ஹாலி என்ன செய்வா?" என்றேன்.
செலினா தலையைக் கிள்ளி எறிந்தாள், இறாலின் தலையை.
"ராசா காலமா இருந்தாப் பாவம்னு சொல்லலாம்டி.
ஓட்டுப் போட்டுல்ல ஒக்கார வச்சிருக்காக."

எனக்கு வாய் எழவில்லை.
என் இடது ஆட்காட்டி விரலில், நகத்தின் நுனியில்,
தேர்தல் மை கொஞ்சம் மிச்சமிருந்தது.
குளோரினுக்கும் போகாத மை.
அதை வைத்து எந்த ஊரில் யார் தலையில்
நான் என்ன இறக்கினேன் என்று
இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

பிறகு ஜெரோன் வந்தான்,
வவுனியா சிறையில் நாற்பத்திரண்டு நாள் கிடந்துவிட்டு.
போட்டு வரவில்லை, அவன் மட்டும்.
சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்:
பிடித்த நேவிக்காரன் சின்னப் பையன்,
பீடிக்கு நெருப்புக் கொடுத்தானாம்,
ஆபீசர் திரும்பியதும் அதே கையால்
பிடரியில் ஒன்று போட்டானாம்.
கோர்ட்டு வாசலில் பேசாலைக்காரர் ஒருவர்,
நம் தமிழ், நம் சேசு,
நம் இழுவைமடி அறுத்த வலையின் சொந்தக்காரர்,
இவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து
"உங்களில கோவமில்லைத் தம்பி,
உங்கட அரசாங்கத்திலதான்" என்றாராம்.

"நல்ல மனுசன்" என்றான் ஜெரோன்.
ஒரு வாய் சாப்பிட்டான்.
தண்ணீர் குடித்தான்.
"ஆனா அந்தப் போட்ட ஓட்டுனது நானுல்ல."

இப்போது சரக்கு மதுரைக்குப் போகிறது, கிலோக் கணக்கில்.
விரல் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது,
இருபத்தொன்றில் தானாக நீலத்துக்குத் திரும்புகிறது.

ஹாலி இன்னொரு தடவை வந்தால்
குழம்பு ஊற்றுவேன், காரம் குறைக்கமாட்டேன்.
அந்தப் பதிலை மட்டும் திரும்பத் தரமாட்டேன்.
வேறு பதில் என்னிடம் இல்லை.
பல்லைப் பிடுங்கியாச்சா என்று கேட்பேன்.