பூட்டியவன்

பூட்டியவன் நான்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
நூபியா சொல்லுமுன்.

அந்த வாரம் எங்கள் தெருவில் இரண்டு வண்டிகள் களவு போயிருந்தன.
இரவு பதினொன்றுக்கு வெறுங்காலோடு இறங்கிப்போய்
முன்சக்கர டிஸ்க்கின் ஓட்டையில் பூட்டைக் கொடுத்தேன்.
க்ளிக்.
நல்ல கணவன்தான் என்று
என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

மணிசாலெஸில் காலை ஐந்தே முக்காலுக்கு
மேகம் தெருவுக்குள் படுத்திருக்கும்.
அவள் முதுகில் காலிப் பெட்டி.
மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில்
பதினான்கு குழாய் இரத்தம் அவளுக்காகக் காத்திருந்தது.
கிளட்ச்சை விட்டாள்.
சக்கரம் அரைச்சுற்று வந்தது.

சத்தத்தைப் படுக்கையிலேயே கேட்டேன்.
கேட்டதும் தெரிந்துவிட்டது.
தெரிந்தபின்னும் போர்வைக்குள்
ஒரு நொடி கூடுதலாக இருந்தேன்.

முழங்காலில் சிராய்ப்பு. ஒரு கண்ணாடி போயிற்று.
திட்டவில்லை அவள்.
சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
கேபிள் கார் நிலையத்தை நோக்கி
நொண்டியபடி நடந்தாள்.

ஞாயிறு. ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிச்
சமையலறை மேசைமேல் கிடத்தி,
அதன்மேல் டிஸ்க்கை வைத்தேன்.
ஒரு பக்கம் தாள்கூட நுழையவில்லை.
மறுபக்கம்
மின்கட்டண ரசீது
நாலாய் மடித்தும் நுழைந்தது.

கீழ்வீட்டு அர்செசியோ
காப்பிப்பழத் தோலுரிக்கும் எந்திரங்களுக்குப் பாகம் கடைபவன்.
அவனுடைய டயல் கேஜை இரவல் வாங்கி ஃபோர்க்கில் கட்டினேன்.
சக்கரத்தைச் சுழற்றினால்
முள் கிடந்து ஆடியது:
தொண்ணூறு, நூறில்.
மேடு தெரிந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு.
நீள ஸ்பேனரைக் கொடுத்து நெம்பு. விடு. சுழற்று. பார்.
எழுபது. ஐம்பது. நாற்பத்திரண்டு.
அங்கே அமுக்கினால் இங்கே எழும்பியது.
இங்கே அமுக்கினால் முன்பு சரிசெய்த இடம்
நான் தொட்டதே இல்லை என்பதுபோல் பார்த்தது.
பொழுது சாய்ந்தபோது முப்பத்தைந்து.
கையேடு இருபதுக்கு மேல் ஒப்பாது.

அவள் ஓட்டிப் பார்த்தாள்.
சரிவில் இறங்கிப் பிடித்து,
ஏறி வந்து நிறுத்தினாள்.
"துடிக்குது," என்றாள்.
மூன்று நாளில் அவள் பேசிய முதல் சொல்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே விரலைக் காட்டினாள்:
"லீவர்ல. நாடி மாதிரி."
அர்செசியோ டிஸ்க்கைத் தட்டிப் பார்த்துச் சொன்னான்:
"இதை வைத்து வேண்டுமானால் பழம் உரிக்கலாம்."

புதியது பெரெய்ராவிலிருந்து பஸ்ஸில் வந்தது,
எண்ணெய்த் தாளில் சுற்றி, மூன்று தவணைக் கடனில்.
பழைய ஆறு போல்ட்டில் ஒன்று தலை மழுங்கி
கழல மாட்டேன் என்றது.
சூடு காட்டி, உளி வைத்து ஓர் அடி கொடுத்தபின்
மனமில்லாமல் வந்தது.

"நான் திருகுறேன். நீ சக்கரத்தைப் பிடி."
வலைத்துணியில் ஸ்பிரே அடித்து
என் விரல்ரேகைகளைத் துடைத்தாள்.
எதிரெதிராக முறுக்கினாள்:
ஒன்று, நான்கு,
இரண்டு, ஐந்து.
ஒவ்வொன்றின் முடிவிலும் டார்க் ரெஞ்ச்சில்
ஒரு க்ளிக்.

மூன்றாவதில் நிறுத்தினாள்.
"அன்னைக்குச் சத்தம் கேட்டதா உனக்கு?"
"கேட்டது."
"எவ்வளவு நேரம் கழித்து எழுந்தே?"
சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன்.
அது ஆடவே இல்லை.
"ஒரு நொடி."
"ரெண்டு," என்றாள்.
க்ளிக்.

பேடும் புதிது. பழக்க வேண்டும்:
மெதுவாய்ப் பிடி, விடு, மெதுவாய்ப் பிடி,
இருபது முறை.
வாசலில் நின்று சிவப்பு விளக்கை எண்ணினேன்.
பதினொன்றில் மேகம் அவளை எடுத்துக்கொண்டது.
மிச்சத்தை நான் எண்ணவில்லை.

அன்றிரவு இறங்கிப்போய்ப் பூட்டியது அவள்.
பூட்டோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கயிறு உண்டு,
ஹாண்டில்பாரில் கட்ட, மறக்காமலிருக்க.
அதுநாள்வரை பெட்டியிலிருந்து நாங்கள் எடுத்ததே இல்லை.
கட்டினாயா என்று கேட்க வாய் வரவில்லை.

ஐந்தரைக்கு எழுந்துபோய்ப் பார்த்தேன்.
கட்டியிருந்தாள்.
இரண்டு முடிச்சு.