நாலரை மீட்டர்

குவூசமோவில் டிசம்பரில்
மதியம் இரண்டு மணிக்கே தெருவிளக்கு.
கையுறையைக் கழற்றாமலே ஹில்க்கா கேட்டாள்:
"எது தூரம் போகும்?"

எல்லோரும் தூரத்தைத்தான் கேட்பார்கள்.
எடையை நான்தான் சொல்ல வேண்டும்.

அறுநூறு, எஃப் நான்கு: மூன்று கிலோ.
தபால் வண்டி ஓட்டுகிறவளின் இரண்டு வருடச் சேமிப்பு.
ஜூம் மலிவு, தோளுக்கும் இதம்;
ஆனால் இந்த வெளிச்சத்தில்
ஆந்தை வெறும் புள்ளிக்கூட்டம் ஆகிவிடும்.

வாசலில் நின்று
இரண்டையும் மாற்றி மாற்றி ஏந்தினாள்.
எதிரே வங்கிக் கூரையில் ஒரு காக்கை.
ஜூமில் அது காக்கை.
மற்றதில்
அலகு நுனியில் உறைந்த ஒரு துளி.

"பழசாக ஏதாவது?"
இருந்தது. உடம்பெல்லாம் கீறல்,
கண்ணாடி மட்டும் பழுதில்லை.
ஒன்பது தவணை.

மார்ச்சில் நாலாவதோடு வந்தாள்.
பெருஞ்சாம்பல் ஆந்தை, யாருடையதோ தபால்பெட்டி மேல்,
வண்டி ஜன்னலுக்கு மூன்று மீட்டரில்.
லென்ஸ் முனகியிருக்கிறது, முன்னும் பின்னும் தேடி,
பிடிக்காமல்.
நாலரை மீட்டருக்குள் அதற்குக் கண் கிடையாது.
அதை நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டும்.

பணத்தை எண்ணி வைத்தாள்.
"வண்டியைப் பின்னால் எடுத்தால் பறந்துவிடும்.
இன்ஜினை அணைத்தேன்.
பதினொரு நிமிடம்
அதன் மஞ்சள் கண்ணில் என் வண்டி.
அந்தச் சாலைக்கு அன்று தபால் தாமதம்."

கதவருகே போய்த் திரும்பினாள்:
"அந்த ஜூம்
இன்னும் விற்கவில்லைதானே?"