பக்கம் 211

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
எங்கள் பட்டறையில் கணக்கு தெலுங்கில், வசவு கன்னடத்தில்,
மிஷினை நிறுத்தச் சொல்வது மட்டும் தமிழில்.
நான்காவதாக பிரெஞ்சு வந்தது
ஒரு பென்டிரைவில்:
இரட்டை எஞ்சின் சரக்கு விமானம் ஒன்றின்
பராமரிப்புக் கையேடு, மூன்றாம் தொகுதி.
முதல் இரண்டும் யாரிடமும் இல்லையாம்.

விமானத்துக்கு என் அம்மாவைவிட ஏழு வயது கூட.
எங்கோ ஒரு கொட்டகையில் ஆறு பென்ஷன்காரர்கள்
அதை மறுபடி பறக்கவைக்கப் பார்க்கிறார்கள்.
வேண்டியது ஒரு வெண்கல புஷ்.
வலது சக்கரக்கால், மேல் மூட்டு.

மைக்ரோமீட்டருக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே
கையேட்டைப் புரட்டினேன்.
கட்டம் கட்டிய ஒரே ஒரு சொல் புரிந்தது: அட்டென்ஷன்.
பாகலூர் பள்ளி மைதானத்தில் பி.டி. மாஸ்டர் போட்ட கூச்சல்.
அது வந்த பக்கங்களிலெல்லாம்
குதிகால் தானாகச் சேர்ந்துகொண்டது.
மிச்சம் எண்கள்.
புள்ளி வைக்கும் இடத்தில் கமா வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

பக்கம் 211.
உள்விட்டம் 42,05.
அதன்மேல் ஒரு பென்சில் கோடு.
ஓரத்தில் 42,08.
கீழே எண்ணெயில் ஒரு கட்டைவிரல் ரேகை;
ஸ்கேனர் அதையும் விடவில்லை.

"அச்சடிச்சதுதாம்மா டிராயிங்.
பென்சிலுக்கு யார் கையெழுத்துப் போட்டா?"
முனிராஜ் கேட்டதில் தப்பில்லை.
ஆடிட்டில் நானும் இதையேதான் சொல்வேன்.
ஆனாலும் முப்பது மைக்ரான்.
தலைமுடியில் பாதிகூட இல்லாத ஒன்றுக்காக
ஒருவன் கை துடைக்காமல் பென்சில் தேடியிருக்கிறான்.
அச்சை நம்பிய ஒரு மதியம்
புஷ் இறுகி, கால் மடங்காமல் நின்றிருக்கும்.
இல்லை, வெறும் திமிராகவும் இருக்கலாம்.
எங்கள் இரண்டாம் ஷிஃப்ட் நாகேஷ்
எல்லா டிராயிங்கையும் திருத்துவான். பாதி தப்பு.

இரண்டு புஷ் கடைந்தோம்.
ஒவ்வொன்றுக்கும் அளவெழுதிச் சீட்டுக் கட்டினேன்,
மரியாதைக்குக் கமா வைத்து.
ரோஜாப் பெட்டிகளோடு ஒரே வேனில்
பெங்களூர் ஏர்போர்ட் போயின.

மார்ச்சில் ஒரு போட்டோ வந்தது.
புல்தரையில், தொப்பையோடு, சொந்தக் காலில் விமானம்.
எது பொருந்தியது என்று எழுதவில்லை.
பெரிதாக்கினேன். மேல் மூட்டில்
நிழல்.

நாகேஷ் கிறுக்கிய தாள்களை
இப்போதெல்லாம் கிழிக்கும் முன் அளந்து பார்க்கிறேன்.
நேற்று ஒன்று சரியாக இருந்தது.
அவனிடம் சொல்லவில்லை.