பிப்ரவரி ஆறு

சொடுக்கினேன். கீழே பட்டையில் சின்ன விளக்கு எரிந்தது,
உள்ளே ஆள் இருக்கிறார் என்பதுபோல.
ஜன்னலைத்தான் காணோம்.
புதன்கிழமை காலை, வில்யண்டி மரவாடி அலுவலகம்.
வெளியே ஸ்புரூஸ் கட்டைகளின் மேல் மார்ச் மாதத்துப் பனி,
அழுக்காக, போக மனமில்லாமல்.

பிரவுசர் செய்கிறவர்களுக்கு எழுதிப் போட்டேன்.
குரோனிங்கனிலிருந்து யெல்மர் என்பவர்
ஒரே வரியில் கேட்டார்:
"எந்த இரவிலிருந்து?"

இரவுக்கு ஒன்றாய்ப் புதுப் பதிப்பு கட்டுகிறார்களாம் அவர்கள்.
ஆட்கள் தூங்க, எந்திரமே கட்டிப் பெயரும் வைத்துவிடுமாம்.
பெயர் என்றால் தேதிதான்.
ஜனவரி ஒன்று நல்லது. மார்ச் ஐந்து கெட்டது.
நடுவில் அறுபத்திரண்டு இரவுகள்.
அதில் ஏதோ ஒன்றில்
யாரோ ஒருவர் கை வைத்திருக்கிறார்.

எனக்கு இது புதிதில்லை. இருபத்தோரு வருடமாய்க் கணக்கர்.
ஐந்தொகையில் நாற்பது யூரோ துண்டு விழுந்தால்
முதல் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருபவள் முட்டாள்.
பேரேட்டை நடுவில் பிள.
இதுவரை சரியா? அப்படியானால் திருடன் அடுத்த பாதியில்.
அதையும் பிள.

என் பழைய செட்டிங்ஸ் ஃபோல்டரை
ஒவ்வொரு பதிப்புக்குள்ளும் நகலெடுத்து வைக்க வேண்டும்,
புது வீட்டுக்குப் பழைய பாத்திரங்களை ஏற்றுவது மாதிரி.
பிப்ரவரி ஒன்று: ஜன்னல் வந்தது.
பிப்ரவரி பதினேழு: விளக்கு மட்டும்.
பிப்ரவரி ஒன்பது:
அப்போதுதான் தார்மோ லாரிச் சீட்டோடு உள்ளே வந்தான்,
பூட்ஸிலிருந்து தரையெல்லாம் சேறு,
பதினான்கு கன மீட்டரா பதினாறா என்று ஒரு சண்டை.
திரும்பி உட்கார்ந்து சொடுக்கினேன். ஜன்னல், பளிச்சென்று.
நல்லது என்று குறித்தேன்.

பதின்மூன்று, பதினொன்று, பத்து, மூன்றும் கெட்டவை.
ஆக, பிப்ரவரி பத்து.
பெருமையோடு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. அந்த இரவில்
நடந்தது ஒன்றே ஒன்றாம்:
ஐஸ்லாந்து மொழி மெனுவில் ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம்.
"இந்த இரவு நிரபராதி" என்று முடித்திருந்தார்.

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.
கணக்கு இடிக்கும்போது வருகிற கோபம்,
தப்பு தன் கையெழுத்தில்தான் இருக்கும் என்று
தெரிந்தே வருவது.
ஒன்பதாம் தேதியை மறுபடி தோண்டினேன்.
ஃபோல்டர் இல்லை. லாரிச் சீட்டுச் சண்டையில்
பாத்திரங்களை ஏற்ற மறந்திருக்கிறேன்.
வெறும் வீடு. ஞாபகமே இல்லாததற்கு
எதைத் தொலைக்கத் தெரியும்?
ஏற்றினேன். சொடுக்கினேன். விளக்கு மட்டும்.

ஐந்து நல்லது. ஏழு கெட்டது.
வெள்ளி இரவு எட்டரைக்கு, ஹீட்டர் அணைந்தபின்,
கோட்டோடு உட்கார்ந்து ஆறைத் திறந்தேன்.
கெட்டது.

இம்முறை பதில் வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை.
"அது நான். ஆறாம் தேதி ஒரு வரியை நீக்கினேன்.
ஜன்னல் போய் நிற்கிற இடத்தில் திரை இருக்கிறதா என்று
கேட்கிற வரி. வீண் என்று நினைத்தேன்.
யாருக்காவது திரை காணாமல் போகுமா என்ன?
உங்களிடம் இரண்டு திரைகள் இருந்தனவா?"

இருந்தன.
செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லெம்பித் வந்து
இடப்பக்கத்துத் திரையைக் கழற்றிக்கொண்டு போனான்,
எடைமேடையில் இருந்தது செத்துவிட்டதென்று.
நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
சொத்துப் பதிவேட்டில் இடமாற்றமும் எழுதினேன்,
தேதியோடு, வரிசை எண்ணோடு.
பிரவுசரிடம் சொல்லத் தோன்றவில்லை.

இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.
சுவர். டயர் கம்பெனி காலண்டர். ஓர் ஆணி.
மூன்று நாளாய் அது ஒழுங்காகத்தான் திறந்திருக்கிறது,
அங்கே,
காலண்டருக்கு முன்னால், ஆணியை உரசியபடி,
எங்கள் வங்கி இருப்பைக்
காட்டிக்கொண்டு.