வெள்ளைப் பின்னணி

குத்தாயிசி பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஒன்பது வருடமாகக் கடவுச்சீட்டு முகங்கள் எடுக்கிறேன்.
முகவாயைக் கொஞ்சம் இறக்குங்கள்.
காது தெரியட்டும்.
சிரிக்காதீர்கள்.
பின்னால் அதே வெள்ளைத் திரை,
இடது மூலையில் காபிக் கறை.
யார் வந்து நின்றாலும்
தோளால் அதை மறைத்துவிடுவார்கள்.

ஆகஸ்டில் ஆறு நாள் விடுப்பு கிடைத்தது.
மலை ஏறிப் பழக்கமில்லை எனக்கு,
ஐந்தாம் மாடிக்கே
லிஃப்டில் காசு போட்டுத்தான் போகிறேன்.

சமையல் மேசையில் இரண்டு வரைபடங்கள்.
துஷேத்தி சுருண்டு சுருண்டு கொண்டது,
உப்புச் சாடியை அதன்மேல் வைத்தேன்.
ஐந்து நாள், கூடாரம்,
மூவாயிரத்து நானூறு மீட்டரில் ஒரு கணவாய்.
"முதல் தடவையா?" என்றார் தொலைபேசியில் வழிகாட்டி,
அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.
ஸ்வானேத்தி நான்கு நாள்.
ஒவ்வொரு ராத்திரியும் ஓர் ஊர்,
ஊர்தோறும் ஒரு கட்டில்,
கட்டிலருகே பிளக்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
சிகரமோ பனியோ அல்ல,
சுவரில் இருந்த அந்த இரண்டு துளைகள்தாம்
என் பாதையைத் தேர்ந்தெடுத்தன.

நீள லென்ஸ் ஒன்றே முக்கால் கிலோ.
அதற்கு இடம்விட
மழைக்கோட்டை வெளியே எடுத்து வைத்தேன்.
(இரண்டாம் நாள் நடந்ததை
நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

முதல் நாள் ஒரு வித்தை கற்றேன்.
மூச்சு வாங்கும்போதெல்லாம் கேமராவைத் தூக்கினால்
கடந்து போகிறவர்கள்
குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிப் போகிறார்கள்.
ஒரு கிழட்டுப் பைன் மரத்தை மட்டும்
நாற்பத்தொரு தடவை எடுத்திருக்கிறேன்.
எல்லாவற்றிலும் லேசான நடுக்கம்.

இரண்டாம் நாள் தெத்னுல்டி சிகரம்
தன்னைக் காட்டவே இல்லை.
கிடைத்தது
கல்கோபுரத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கிய பன்றி,
அடுப்பின்மேல் தொங்கிய என் சாக்ஸ்,
விடுதிக்கார ஷோரேனா சுட்ட இறைச்சி ரொட்டியில்
நான் கடித்தது போக மீதி.

மூன்றாம் நாள் காலை, ஆறு.
பாலம் கிடையாது.
பனிமலையின் வாயிலிருந்து நேராக வரும் தண்ணீர்,
குதிரைமேல்தான் கடக்க வேண்டும்,
ஆளுக்கு இருபது லாரி.
குதிரைக்காரன் ஜபாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.
அக்கரையில் என்னை இறக்கிவிட்டுக்
காசை வாங்காமல் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தான்.

"போலந்தில் வேலை. கோழிப் பண்ணை.
எல்லாத் தாளும் ஆயிற்று, போட்டோ மட்டும் இல்லை.
மெஸ்தியா போய் வந்தால்
ஒருநாள் வரும்படி போய்விடும்."

பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமே என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை,
நகர்ந்து நின்றான்.
அவனுக்குப் பின்னால்
வானத்தின் பாதி உயரத்திலிருந்து சரிந்து கிடந்தது
அதிஷி பனியாறு.

இதற்காகவா நான்கு நாள், இதற்காகவா இந்த லென்ஸ்,
என்று நினைக்க நேரமில்லை.
வெளிச்சம் இடது கன்னத்தில் நன்றாக விழுந்தது.
முகவாயை இறக்கு. காது தெரியட்டும்.
சிரிக்காதே என்று வாய் தானாகச் சொல்லிற்று.
அவன் சிரிக்கவே இல்லை.
பதினொன்றாவது படத்தில்
குதிரை அவன் சட்டைக்கையைக் கடித்து இழுத்தது,
அதில் மட்டும் பல் தெரிகிறது.

கடை திறந்த திங்கட்கிழமை
கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால்
பனி வெள்ளை இல்லை.
நீலம். வெடிப்புகளில் சாம்பல்.
ஓரிடத்தில் பழைய தூசியின் வரி,
எந்த ஆண்டின் காற்றோ.
தூதரகம் ஒப்புக்கொள்ளாது.

ஆகவே அழித்தேன்.
தோளின் விளிம்பிலிருந்து தொடங்கிக்
காதைச் சுற்றி, முடியிழைகளுக்கு நடுவே,
மூன்று நாள் நடந்து சேர்ந்த பனியை
மூன்று நிமிடத்தில்.
பார்த்தால் இப்போது
எங்கள் திரைமுன்னே நின்றவன் மாதிரி இருக்கிறான்,
காபிக் கறையை மறைத்துக்கொண்டு.

ஆறு பிரதிகளை உறையிலிட்டு
மெஸ்தியா வேன்காரரிடம் கொடுத்தேன்.
பிரதிகளுக்கு எட்டு லாரி, குதிரைக்கு இருபது.
பன்னிரண்டு நான் தர வேண்டும்.

அடுத்த ஆகஸ்டில் அவன் அங்கே இருக்க மாட்டான்.
குதிரையிடம்தான் கொடுக்க வேண்டும்.
துஷேத்தி இன்னும் உப்புச் சாடியின் அடியில்.