தடைக்காலத்து ஏலம்

சவர பிளேடால்தான் வெட்டுகிறேன்,
அரை மில்லிகிராம் மாத்திரையில் பாதி.
பாதி எப்போதும் பாதியாக விழுவதில்லை.
உதிர்ந்த துண்டு இன்றைக்கு, பெரிய துண்டு நாளைக்கு.
சில இரவுகளில் மாற்றியும் கொடுத்திருக்கிறேன்.
டாக்டரிடம் சொல்லவில்லை.

விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிற மாதம்.
பாம்பன் தெற்குவாடியில் கூவி விற்க ஒன்றுமில்லை.
ஆனாலும் மூன்று மணிக்கு எழுந்துவிடுவாள் மெற்றில்டா,
முப்பத்தோரு வருசம் எழுந்த அதே மூன்று மணி.
கொசுவலையைக் கிழித்து மீனை எடுப்பாள்.
தலையணை சீலா. முறம் திருக்கை.
"நானூறு, நானூத்தம்பது, எவன்டா அது கொறச்சுக் கேக்குறது!"
நான் எதையும் கேட்கவில்லை.
தூங்கு என்றேன்.
தராசுத் தட்டு நெற்றியில் பட்டது. ஐந்து தையல்.

ராமநாதபுரத்தில் டாக்டர் ஷமீமா
உடனே எழுதித் தரவில்லை.
எங்கேயாவது வலியா, மூத்திரத்தில் எரிச்சலா,
வெளிக்குப் போய் எத்தனை நாள்,
காது, கடைவாய் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்.
ஒரு பல்லைப் பிடுங்கினோம். பத்து நாள் அமைதி.
மறுபடி ஏலம்.
அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தார்:
"நடை தள்ளாடும். பக்கவாதம் வரலாம், உயிருக்கே ஆகலாம்.
தெரிந்துதான் எழுதுகிறேன்.
ஆறு வாரம். பிறகு குறைப்போம்."

வேலை செய்தது.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.
குவைத்திலிருந்து நிக்சன் கேட்டான், அம்மா எப்படி?
நல்லா தூங்குறா என்றேன். நானும் தூங்கினேன்.
மதியமும் தூங்கினாள்.
சோற்றை வாயில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.
கக்கூசுக்குக் கூட்டிப்போனால்
சேற்றில் நடப்பவள்போல் காலை இழுத்தாள்.
ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கியே நரைத்தவன் நான்.
கெடாமல் இருப்பது வேறு, உயிரோடு இருப்பது வேறு என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆறு வாரம் முடிந்து
துண்டு இன்னும் சிறுத்துவிட்டது.
நேற்று மூன்று மணி.
விளக்கைப் போட்டு என் தாடையைத் தூக்கிப் பார்த்தாள்,
காதுக்குப் பின்னால் விரல் விட்டாள்.
"செவுள் வெளுத்துப்போச்சு. ஐஸ் மீனு.
ஆனா மீனு பெருசு. அம்பதுலேந்து கேளுங்க."
சுவர் கேட்கவில்லை.
"நாப்பது. முப்பது."
பிளேடு அலமாரியில் இருந்தது, மீதி மாத்திரையும்.
"இருவத்தஞ்சு, ஒரு தரம்…"

முப்பது என்றேன்.

திரும்பிப் பார்த்தாள்.
"காசு கையில இருக்கா?"
எழுந்து சட்டைப்பையைத் துழாவினேன்.
இருபதுதான் இருந்தது.
கடன் கிடையாது என்றாள்.