பதினெட்டு அங்குலம்

கிளென்டைவுக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம்,
சூடில்லாத வெயில் அடிக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை.
நாற்பது பிக்கப் டிரக்குகள்
சாலைக்கு மூக்கை நீட்டி நிற்கின்றன.
டேனர் ஆஸ்ட்பி ஓடி வருகிறான்,
இடுப்பில் சாப்பாட்டுத் தட்டளவு பக்கிள்.
"என்ன தேவை உங்களுக்கு?"

நல்ல கேள்வி.
கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றிருந்தால்
இன்னும் நல்ல கேள்வி.

அவன் கூட்டிப்போனது கறுப்புத் தோல் இருக்கைகளிடம்.
பின்னிருக்கைக்கும் சூடு உண்டாம்.
கூரைக் கண்ணாடி வழியே நட்சத்திரம் பார்க்கலாமாம்.
"குழந்தைகள் உண்டா?"
மார்ச்சில் உண்டு, என்றேன்.
வயிற்றைப் பார்த்தான், நரையைப் பார்த்தான்.
கன்றுகள், தம்பி.
பனிப்புயலில் விழுந்த கன்றை வேறெங்கே போடுவேன்?
பின்னால்தான், ஹீட்டர் வாய்க்கு நேராக,
பனிக்குட நீர் சொட்டச் சொட்ட.
கம்பளம் வேண்டாம், ரப்பர் தரை காட்டு,
குழாய் பிடித்துக் கழுவ வேண்டும்.

அது மலிவான மாடலில்தான் வரும் என்றான்,
துக்கம் விசாரிக்கும் குரலில்.

பதின்மூன்றாயிரம் பவுண்டு இழுக்கும் என்று
அடுத்ததன் தோளைத் தட்டினான்.
நான் கதவைத் திறந்து
நிலையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்.
இழுப்பதை விளம்பரம் சொல்லும்,
சுமப்பதைச் சீட்டுதான் சொல்லும்.
ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.
அவ்வளவுதான் அதன் முதுகு.
என் மாட்டு டிரெய்லரின் கழுத்து மட்டுமே
இரண்டாயிரத்துக்கு மேல் அழுத்தும்.
அதன்மேல் நான், நாய், முள்கம்பிச் சுருள்,
பிறகு ரோலி.
ரோலியை எவ்வளவென்று எழுத?
அறுவைச் சிகிச்சைக்கு முன் இருநூற்றுப் பத்து.
இப்போது நூற்று அறுபத்தெட்டு.
காகிதத்தில் இருநூற்றுப் பத்து என்றே போட்டேன்.

ரோலி இறங்கவில்லை.
பழைய டிரக்கில், வாசலோரம்,
எஞ்சினை அணைக்காமல் இருக்கிறான்,
விற்கப்போகிற குதிரையிலிருந்து
இறங்க மனமில்லாதவன்போல.

டீசல் வேண்டாம்.
மைனஸ் முப்பதில் கஞ்சியாய் உறையும் அதனுடன்
பதினோரு குளிர்காலம் மல்லுக்கட்டியாயிற்று.
பெட்டி எட்டடி. ஆறரை என்றால்
ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லர்
பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து
நலம் விசாரிக்கும்.
முக்கால் டன். நான்கு சக்கரமும் உழைப்பது.
பட்டியல் சுருங்கச் சுருங்க
டேனரின் முகமும் சுருங்கியது.
மூன்று மிஞ்சின.

அப்போதுதான் டேப்பை எடுத்தேன்.
பனியில் மண்டியிட்டு,
தரையிலிருந்து கதவின் அடிவரை.
இருபத்தேழு.
அடுத்தது இருபத்தாறரை.
"ஷெட்டுக்குள் நுழையுமா என்றா?
அதற்குக் கூரையையல்லவா அளப்பார்கள்?"
ஆமாம் ஆமாம், என்றேன்.

நவம்பரில், கொட்டகை பல்பை மாற்ற
ரோலி வைக்கோல் கட்டின்மேல் ஏறினான்.
இடது கால் போயிற்று.
வலது கால் யோசித்தது,
பிறகு வந்து சேர்ந்தது.
அந்தக் கட்டு பதினெட்டு அங்குலம்.
டிராக்டரின் படி இருபத்தொன்று.
அதன் முன்னால் போய் நின்றவன்
பூட்ஸ் கயிறு அவிழ்ந்ததுபோல் குனிந்துகொண்டான்,
நான் வேறு பக்கம் போகும்வரை.

மூன்றாவது, மின்சாரக் கூட்டுறவில் ஓடிய வெள்ளை.
கதவில் உரித்த எழுத்துகளின் தழும்பு.
கதவுக்குக் கீழே இரும்புப் பலகை ஒன்று, படியாக.
பதினேழே முக்கால்.

"அதைக் கழற்றித் தருகிறேன்" என்றான் டேனர்,
"நம்மூர் ஆட்களுக்கு அது பிடிக்காது."
இருக்கட்டும். எனக்கு முட்டி வலி.

ரோலி வந்தான். ஒருமுறை சுற்றினான்.
டயரை உதைத்தான், இடது காலால்.
"இந்தப் படி யாருக்கு?"
எனக்குத்தான்.
என் ஜீன்ஸின் இரண்டு முட்டியிலும்
ஈரம் வட்டமாய் ஊறியிருந்தது.
அதைப் பார்த்தான்.
"வெள்ளை நிறம்" என்றான். "பனியில் நிறுத்தினால்
வசந்தத்தில்தான் கண்டுபிடிப்போம்."
பிறகு கைப்பிடியைப் பற்றி,
இடது,
வலது,
உள்ளே.

நான் டேனர் பக்கம் திரும்பினேன்.
எண்ணூறு டாலர் குறை.
கதவில் தழும்பு இருக்கிறது.